எண்ணெய் படாத தலை

ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற தீபாவளி விடியற்காலையில், எங்கள் தங்கவயல் கூலி லைனில் ஒரே ஒரு தலை மட்டும் காய்ந்து கிடக்கும். அது என் வீட்டுக்காரருடைய தலை. கல்யாணமாகி இங்கே வந்த முதல் தீபாவளிக்கு, நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் கொஞ்சம் ஓமமும் போட்டுக் காய்ச்சி, ஆசை ஆசையாகக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். மனுஷர் பாம்பைக் கண்ட மாதிரி எகிறிக் குதித்தார்.

"எடுத்துனு போ புள்ளே அந்தாண்ட! மேல ஒரு சொட்டு பட்டாலும் இன்னிக்கி வேல போச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்ல நாளும் அதுவுமாகப் புருஷன் தலையில் எண்ணெய் வைக்காமல் அனுப்பினால் அந்த வீடு விளங்குமா? எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பார்கள். ஆம்பிளைக்குப் புதனும் சனியும், பொம்பளைக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். அப்படி வளர்ந்தவளை, எண்ணெயைக் கண்டால் ஓடுகிற மனுஷனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று மனசுக்குள் என் அப்பனைத் திட்டினேன்.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. அவருக்கு வேலை சுரங்கத்துக்குள் இல்லை, மேலே மில்லில். சுரங்கக் குழியான ஷாஃப்டிலிருந்து வருகிற பாறையை அந்த மில்லில் இரும்பு உலக்கைகள் இராப்பகலாக இடிக்கும். இடித்த மாவைத் தண்ணீரில் கரைத்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓட விடுவார்கள். மாவு ஓடிவிடும். தங்கத்தை மட்டும் பாதரசம் பிடித்து நிறுத்திக்கொள்ளும். தினமும் காலையில் அந்தப் பசையைச் சுரண்டி எடுத்து, சாக்கில் முடிந்து, துரை முன்னால் கொடுக்க வேண்டும். தகட்டைக் காப்பதும் சுரண்டுவதும்தான் இவர் வேலை.

அந்தப் பாதரசத்துக்கு உலகத்தில் ஒரே பகை எண்ணெய்ப் பசை. கொஞ்சம் பட்டாலும் ரசத்துக்குச் சீக்கு வந்துவிட்டது என்பார்கள். சீக்கு வந்த ரசம் தங்கத்தைத் தொடாது. தங்கமும் எண்ணெய் பூசிக்கொண்டு தண்ணீர் மேல் மிதந்தே போய்விடும். தங்கம் மிதக்குமா என்று நானும்தான் கேட்டேன். பொடிப்பொடியான தங்கம் மிதக்கும் என்றார். பாறையோடு வருகிற மெழுகுவர்த்திச் சொட்டுகளைக்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொறுக்கி எறிவாராம். சுரங்கத்துக்குள் தலையில் மெழுகுவர்த்தியைக் களிமண்ணால் ஒட்டிக்கொண்டு வேலை செய்த காலம் அது.

ஆகவே தகட்டுக்காரர்கள் தலையிலோ உடம்பிலோ எண்ணெய் வைக்கக்கூடாது என்பது மில்லின் சட்டம். வாசலில் தொட்டி வைத்து, கம்பெனி கொடுக்கிற மஞ்சள் சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகலாம். கழுவின தண்ணீரையும் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள்.

அந்தச் சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இப்போது ஆண்டர்சன்பேட்டைக் கடைகளில் வாசனைச் சோப்பு பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், வாங்கிப்போகிற பெண்களுக்கு நான் சொல்வது வேடிக்கையாக இருக்கும். அன்றைக்கு லைனில் ஒருவரும் சோப்பை உடம்பில் தொடமாட்டார்கள். தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயத்தமாவு, துணிக்கு உவர்மண். சோப்பு என்றால் மிருகக் கொழுப்பு. மாடு தின்கிற வீட்டிலும் அதன் கொழுப்பை மேலே பூசிக்கொள்வது என்றால் முகம் சுளிப்பார்கள். நீளப் பாளமாகக் கப்பலில் வந்து இறங்கி, கத்தியால் துண்டு போடப்பட்டு, துரைமார் வீட்டு வண்ணாரிடம் போய்ச் சேருகிற வஸ்து அது.

எங்கள் லைனுக்கு வாரம் ஒருமுறை ஒரு வேதக்கார அம்மா வருவார். மிஷனில் படித்தவர், தமிழ்க் கிறிஸ்தவர், வெள்ளைச் சேலை. பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார், நடு நடுவே சுவிசேஷமும் சொல்லுவார். எழுத்துக்காகச் சுவிசேஷத்தைப் பொறுத்துக்கொண்டவள் நான். அவர் சோப்பைப் பற்றிச் சொன்ன சங்கதிகளைத்தான் நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கொழுப்பையும் சாம்பல் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் அது சோப்பாம். சுரங்கத்தில் தலைமேல் எரிகிற மெழுகுவர்த்தியும் தொட்டியில் கரைகிற சோப்பும் ஒரே கொழுப்பின் பிள்ளைகளாம். துரைமார் தேசத்தில் ஒரு காலத்தில் ராஜாங்கம் சோப்புக்கு வரி போட்டிருந்ததாம். அதற்கும் முந்தி, குளித்தால் தோலின் துவாரங்கள் திறந்து வியாதி உள்ளே புகுந்துவிடும் என்று அவர்களின் பெரியவர்கள் தண்ணீருக்கே பயந்து கிடந்தார்களாம்.

"இப்பவும் தகரத் தொட்டியில ஒக்காந்து, அந்தத் தண்ணியிலயே குளிக்கிறாங்க. மொதல்ல துரை, அப்புறம் அதே தண்ணியில பிள்ளைங்க" என்றார்.

"அய்யே! ஒக்காந்த தண்ணியிலயா?" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள்.

இந்தப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லாமல் என் கதை இல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் சுவர். அவள் புருஷன் சுரங்கத்தில் மூன்றாவது லெவலில் வேலை. என் அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துப்போவாள், அவள் வீட்டு உப்பு என் குழம்பில் இருக்கும். வாய் மட்டும் வண்ணான் துறை, ஊரையே அடித்துத் துவைக்கும். என் வீட்டுக்காரரைக் கண்டால் "இன்னாண்ணா, காஞ்ச பனங்கொட்ட மாதிரி தலைய வெச்சிக்கினு போறீங்க?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கோபம் முழுவதும் என் பங்குக்கே வந்துவிட்டது.

நான் ஒரு ரகசியம் வைத்திருந்தேன். மில் வாசலில் தேய்ந்துபோன சோப்புச் சில்லுகளை எறிந்துவிடுவார்கள். அவற்றை எனக்காக அவர் மடியில் கொண்டுவருவார். நான் அவற்றை ஈரக்கையால் ஒன்றாக அழுத்தி, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, ஒரு தகர டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். யாரும் இல்லாத நேரத்தில் காலைத் தேய்த்துக் கழுவுவேன். அந்த வழுவழுப்பும் அந்த நுரையும் எனக்குப் பிடித்திருந்தது. சீயக்காய் கண்ணைக் கரிக்கும், இது கொஞ்சும்.

பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முந்தின காலம் அது. கரண்டும் இல்லை. ரயில் மட்டும் மாரிக்குப்பம் வரை வந்துவிட்டிருந்தது. எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆவணி போய் ஐப்பசி வந்தும் கிணறு நிரம்பவில்லை. வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளந்து விட்டார்கள். உலக்கை இடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் மில் நிற்கும். ஆகவே கம்பெனி லைனின் குளிக்கிற கல்லிலிருந்து மில் குளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியது. அதுவரைக்கும் முள்ளுக்காட்டில் வீணாக ஓடின குளியல் தண்ணீர் குளத்தில் தேங்கி, தெளிந்து, மறுபடி தகட்டின் மேல் ஓடும். நல்ல யோசனைதான். துரை புதிதாக வந்தவர், சிக்கனக்காரர். தினமும் நாங்கள் குளித்தது ஆளுக்கு இரண்டு செம்பு. எண்ணெய்க் குளியலையெல்லாம் தண்ணீர் இல்லாமல் எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தோம்.

தீபாவளி வந்தது. ஷாஃப்டிலிருந்து இறைத்த தண்ணீரைப் பண்டிகைக்காக லைனுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். எத்தனை மாசத்துக்கு அப்புறம் அந்தச் சந்தோஷம்! கோழி கூவும் முன்பே குளிக்கிற கல்லைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு தட்டி வீட்டு வாசலிலும் எண்ணெய் காயும் வாசனை. பெண்கள் ஒருத்திக்கொருத்தி தலையைத் தேய்த்துவிட்டோம். ஆம்பிளைகள் கோவணத்தோடு உடம்பு பளபளக்க நின்று கிண்டலடித்தார்கள். பிள்ளைகள் சீயக்காய் கண்ணில் விழுந்து அலறின. பக்கத்து வீட்டுக்காரி என் மண்டையில் அறைந்து அறைந்து எண்ணெய் வைத்தாள். "ஒம் புருஷன் பங்கையும் நீயே வெச்சிக்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நுரையும் எண்ணெயுமாகத் தண்ணீர் வாய்க்காலில் பொங்கிக்கொண்டு ஓடியது. எங்கே ஓடுகிறது என்று ஒருத்திக்கும் நினைப்பு இல்லை, எனக்கும் இல்லை.

அந்த நேரத்தில் அவர் மில்லுக்குள் காய்ந்த தலையோடு தகட்டருகே நின்றுகொண்டிருந்தார். தீபாவளிக்கும் மில் நிற்காது. அந்த இடிச்சத்தம் இராப்பகலாகக் கேட்டுப் பழகி, சத்தம் நின்றால்தான் எங்கள் பிள்ளைகள் திடுக்கிட்டு விழிக்கும்.

மறுநாள் தகட்டைச் சுரண்டினபோது எப்போதும் வருவதில் பாதிகூட வரவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் குறைவு. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு வரவில்லை. மேஸ்திரியும் காவல்காரர்கள் இரண்டு பேரும்தான் வந்தார்கள்.

"ஒங்க வூட்டுக்காரன் தங்கம் புடிச்ச ரசத்த மறச்சிட்டான். எங்க வெச்சிக்கிறான் சொல்லு" என்றார் மேஸ்திரி.

தங்கவயலில் தங்கத் திருட்டு என்றால் சாதாரணமா? ஜெயில். ஜெயிலுக்கு முன்னால் அடி. வீட்டுச் சாமான்களை வெளியே எறிந்து, பெண்டாட்டியையும் லைனைவிட்டுத் துரத்துவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மில் காவல் கொட்டகையில் வைத்திருப்பார்களாம், அதற்குள் உண்மையைக் கக்காவிட்டால் போலீஸில் ஒப்படைப்பார்களாம்.

அவர்கள் தரையைத் தோண்டினார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். எண்ணெய்ச் சாடியைத் தரையில் ஊற்றிக் கையால் துழாவினார்கள். கடைசியில் என் தகர டப்பா அகப்பட்டது. அந்த மஞ்சள் உருண்டையை மேஸ்திரி தூக்கிப் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. உள்ளே தங்கம் என்று நினைத்துவிட்டார். கத்தியால் இரண்டாக வெட்டினார், நான்காக வெட்டினார். சோப்புக்குள்ளே சோப்புதான் இருந்தது.

"மில்லு சோப்பு வூட்ல இன்னாத்துக்கு?" என்று உறுமினார்.

நான் வாசலில் கூடியிருந்த லைன் முழுவதையும் பார்த்தேன். "கால் தேச்சிக்க" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி முன்வரிசையில் நின்றாள். "மாட்டுக் கொழுப்ப மறச்சி வெச்சித் தேச்சிக்கிறவ, தங்கத்த மறைக்க மாட்டாளா?" என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மாலைக்குள் என் வீட்டுக்காரர் திருடன் என்பது தீர்ந்துபோன விஷயமாகிவிட்டது. நல்ல நாளில் எண்ணெய் வைக்காத மூதேவி வீட்டில் இப்படித்தான் நடக்கும் என்று அதற்குச் சாஸ்திரமும் சொன்னார்கள். மறுநாள் காலை யாரும் என் அடுப்பில் நெருப்பு எடுக்க வரவில்லை.

காவல் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோகலாம் என்றார்கள். கம்பி வழியாகச் சோற்றுத் தூக்கை நீட்டினேன். இரண்டு நாள் தாடி, குழிந்த கண்.

"நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா போதும்" என்றார். பிறகு, "ரசம் சீக்காப் போச்சி புள்ளே. எதனாலன்னு தெரியல. என் கையில எண்ண இல்ல. என் சாமி சத்தியமா இல்ல" என்றார். அவர் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருடன் என்று சொன்னதைவிட, தகட்டைக் கெடுத்துவிட்டோமோ என்பதுதான் அவரை வாட்டியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷனையா திருடன் என்கிறார்கள்?

அழுதுகொண்டே திரும்பினேன். லைன் வழியாகப் போனால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று மில் குளத்துக் கரையோரமாக நடந்தேன். முகத்தைக் கழுவலாம் என்று குனிந்தேன்.

சீயக்காய் வாசனை.

கரையோரம் பழுப்பாக நுரை திரண்டு கிடந்தது. தண்ணீரின் மேல் மெல்லிய தோலாக ஒரு பளபளப்பு, வெயில் பட்டதும் மயில் கழுத்துபோல நிறம் காட்டியது. கையை விட்டு எடுத்தேன். விரல்கள் வழுக்கின. தீபாவளிக் காலையில் என் தலையிலிருந்தும், பக்கத்து வீட்டுக்காரி தலையிலிருந்தும், லைனில் இருக்கிற அத்தனை தலைகளிலிருந்தும் இறங்கின எண்ணெய் என் உள்ளங்கையில் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

சோறு கொண்டுபோன தூக்கிலேயே அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டு வேதக்கார அம்மாவிடம் ஓடினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, துரைக்குத் தமிழ் தெரியாது. அவர் விஷயத்தைக் கேட்டதும் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். இருவரும் துரை பங்களா வாசலில் நின்றோம்.

துரை வெளியே வந்து, தூக்கில் விரலை விட்டு, தேய்த்துப் பார்த்து, முகர்ந்து பார்த்தார். எண்ணெய் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கிருந்து இவ்வளவு எண்ணெய் என்பதுதான் பிடிபடவில்லை. குளியல் தண்ணீர் என்று அம்மா சொன்னார். குளிப்பதற்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று துரை கேட்டார். அவர் ஊரில் அழுக்கைக் கழுவத்தான் குளிப்பார்கள், எண்ணெயைப் பூசிக்கொண்டு குளிக்கிற அதிசயத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. அம்மா இங்கிலீஷில் நிறையச் சொன்னார், துரை நெற்றியைச் சுருக்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வராந்தா மேசைமேல் துரையின் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருந்தது. பின்னலை முன்னால் இழுத்து, அதன் நுனியை அந்தத் தம்ளரில் முக்கிவிட்டேன்.

வேதக்கார அம்மா "ஐயோ ஆண்டவரே!" என்றார்.

தண்ணீர் மேல் எண்ணெய் மெல்லப் படர்ந்து நிறம் காட்டியது. துரை தம்ளரைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார்.

"லைன்ல எல்லாருமேவா, கேக்குறார்" என்றார் அம்மா.

"எல்லாருமே."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல, விடியறதுக்குள்ள. தீபாவளியாச்சே!"

துரை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் ஊரில் எல்லாரும் ஒரே நாளில் குளித்ததாக ஆயுசில் கேள்விப்பட்டதில்லை என்று சொன்னாராம். சிரிப்பு அடங்கினதும் தொப்பியை எடுத்துக்கொண்டு நேராக மில்லுக்கு நடந்தார். அன்று மத்தியானமே குளத்தைத் திறந்துவிட்டார்கள். தகடுகளைக் காரம் போட்டுத் தேய்த்தார்கள். மில்லுக்குக் கீழே குவிந்திருந்த மணலை வாரிச் சட்டியில் அலசிப் பார்த்தபோது, அடியில் மஞ்சளாகக் கோடு கட்டியது. எல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் போனது எங்கே போனது என்று சொல்லுகிற அளவுக்குக் கிடைத்தது.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்தார். லைனின் நடுவில் நடந்து வந்தார். எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கிண்டலுக்குச் சிரித்துக்கொண்டு போகிற மனுஷர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் லைனில் யாரோடும் பேசவில்லை. வேலை, வீடு, சோறு, தூக்கம். பக்கத்து வீட்டுக்காரி என் வாசலில் ஒரு நாள் வந்து நின்றாள். நான் கதவுத் தட்டியை இழுத்துச் சாத்தினேன். என் குணம் அப்படி.

அடுத்த வருஷம் மழை பெய்தது. ஆனால் வாய்க்காலின் ருசி கண்ட கம்பெனி அதை மூடவில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தண்டோரா போட்டார்கள்: பண்டிகையன்று லைனில் யாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக்கூடாது. லைன் கொதித்தது. எண்ணெய் இல்லாத தீபாவளி தீபாவளியா? எல்லாம் இந்தத் தகட்டுக்காரனால் வந்தது என்று மறுபடி எங்கள் மேல்தான் வந்து விடியும் என்று எதிர்பார்த்தேன். வந்தால் பதில் சொல்ல வேண்டிய வார்த்தைகளையெல்லாம் தீட்டி வைத்திருந்தேன்.

தீபாவளி விடியலில் வழக்கம்போல எண்ணெய் வாசனை வந்தது. சண்டைக்குத் தயாராக வெளியே வந்தேன். குளிக்கிற கல்லுக்குக் கீழே வாய்க்கால் வாயைச் சேறு வைத்து அடைத்திருந்தார்கள். அங்கே ஒரு பள்ளம் வெட்டி, குளித்த தண்ணீர் அதில் தேங்கும்படி செய்திருந்தார்கள். பெண்கள் அந்தத் தண்ணீரைக் குடங்களில் மொண்டு, தலையில் தூக்கி, மேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து முள்ளுக்காட்டில் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். நுரை ததும்பும் குடம், நுரை வழியும் முகம். புதுசாகக் குளித்த தலைமேல் மறுபடி எண்ணெய்த் தண்ணீர் சிந்தியது. எல்லோருக்கும் முன்னால் பக்கத்து வீட்டுக்காரி போய்க்கொண்டிருந்தாள்.

மன்னித்துவிடு என்று சொல்லும் வழக்கம் எங்கள் லைனில் இல்லை. தண்ணீர் சுமக்கிற வழக்கம் இருந்தது. அவர் வேலைக்குக் கிளம்பினவர், காய்ந்த தலையோடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவள் இரண்டாவது குடத்தோடு எங்கள் வாசலைத் தாண்டும்போது, "பாத்துப் போ மா, வழுக்கும்" என்றார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர் லைனில் பேசின முதல் பேச்சு அதுதான். நான் உள்ளே போய் என் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் பின்னால் நடந்தேன். மேட்டின் மேல் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்காமலே, "ஒன் சோப்புல ஒரு துண்டு குடு. எம் பொண்ணுக்குச் செரங்கு" என்றாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அதிலிருந்து தீபாவளி என்றால் எங்கள் லைனில் அப்படித்தான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது பாதிப் பண்டிகை, தண்ணீர் சுமந்து கொட்டுவது மீதிப் பண்டிகை. புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்களுக்கு மாமியார்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். ஏன் என்று கேட்டால் "தகட்டுக்கு ஆகாது" என்பார்கள்.

அவருக்கு வயசாயிற்று. வயசைவிட ரசம் முந்திக்கொண்டது. வெறுங்கையால் பாதரசத்தில் உழன்றவர்களுக்கெல்லாம் வருவதுதான். முதலில் ஈறு வீங்கியது, பல் ஆடியது, பிறகு கை நடுங்கத் தொடங்கியது. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் பாதி மடியில். மில்லில் கரண்டு விளக்கு வந்து சில வருஷம் கழித்து, அப்போதிருந்த துரை அவரைத் தகட்டிலிருந்து எடுத்து வாசல் காவலுக்குப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இந்தத் தீவாளிக்கி எண்ண வெக்கிலாம் புள்ளே" என்றார். என்னவோ பெரிய சொத்து கிடைத்த மாதிரி சொன்னார்.

அந்தத் தீபாவளிக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சினேன். இரண்டு மிளகு, கொஞ்சம் ஓமம். அவரை வாசலில் பலகை போட்டு உட்கார வைத்தேன். இத்தனை வருஷம் என் கை தொடாத தலை. முடி பாதி நரைத்துவிட்டிருந்தது. முதல் கை எண்ணெயை உச்சியில் வைத்து அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்றார்.

தலையை நிமிர்த்தினால் பக்கத்து வீட்டுக்காரி நிற்கிறாள். உள்ளங்கையைக் குவித்து அதில் எண்ணெய். அவளுக்குப் பின்னால் கோடி வீட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஆளுக்கொரு கை எண்ணெய்.

வரிசையாக ஊரே வந்து ஒரு தலையில் எண்ணெய் வைப்பது எந்த வீட்டில் என்று எல்லோருக்கும் தெரியும். பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான் உறவும் ஊரும் வந்து ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெயும் சீயக்காயும் வைப்பார்கள்.

"அறிவு கெட்டவளுங்களா!" என்று கத்தினேன். "நல்ல நாள்ல உசுரோட இருக்கிற மனுஷனுக்கு வரிசகட்டி வந்து எண்ண வெப்பாங்களா? போங்கடி அந்தாண்ட! எல்லாம் செத்தப்புறம் வெக்கிலாம்!"

அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் விரலிடுக்கில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, கையில் எண்ணெய் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். அந்தப் பழைய சிரிப்பு, நான் பறிபோய்விட்டது என்று நினைத்திருந்த சிரிப்பு, முகத்தில் வந்து நின்றது.

"வெக்கிட்டும் விடு புள்ளே" என்றார். "அப்ப வெச்சா எனக்குத் தெரியாதே."

நான் நகர்ந்து இடம் விட்டேன். முதலில் அவள் வைத்தாள். பிறகு ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லோரும் வைத்தார்கள். எண்ணெய் நெற்றியில் வழிந்து, காதோரம் இறங்கி, தாடையிலிருந்து சொட்டியது. அவர் நடுங்குகிற கையால் அதைத் தொட்டுத் தொட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். அரைப்படி சீயக்காய் போட்டுத் தேய்த்தும் அந்தப் பிசுக்கு முழுவதும் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் தேய்க்கவில்லை.

குளித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரி குடத்தை எடுத்தாள். நானும் எடுத்தேன். அவர் தகட்டில் இல்லாவிட்டால் என்ன, அங்கே இப்போது வேறொருத்தியின் புருஷன் காய்ந்த தலையோடு நின்றுகொண்டிருந்தான். இருவரும் அவர் குளித்த தண்ணீரை மொண்டு, தலையில் தூக்கிக்கொண்டு, மேட்டைத் தாண்டிப் போய்க் கொட்டிவிட்டு வந்தோம்.